காளியண்ணனிடம் நீ வாங்கிய வாக்கு

தோட்டக் குடியிருப்பு,
தானா ராத்தா,
16 நவம்பர் 2025, ஞாயிறு.

மகள் ஜெனட்டுக்கு,

நானும் உன் அம்மாவும் உடலளவில் சுகமாக இருக்கிறோம். பெர்த்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்க இதற்கு மேல் இன்று மனம் வரவில்லை. கீழே உள்ளவற்றை முதலில் படி. எதுவும் தவறாக இருந்தால் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்தி எழுது.

1. 29 அக்டோபர், புதன். மருத்துவமனையில் படுத்திருந்த காளியண்ணனிடம், அவனுக்குக் கணையத்தில் புற்று இருக்கிறது, இனி வாரக்கணக்குத்தான் என்று விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நீ சொன்னாய். அவன் மகன் திருமாறன் ஜொகூரிலிருந்து வந்த பிறகு, நவம்பர் 3ஆம் தேதி, குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்வதாக மருத்துவர் முடிவு செய்திருந்தார். அது உனக்குத் தெரியும். மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னதை முந்தின இரவு உணவின்போது உன்னிடம் சொன்னவனே நான்தான்.

2. 31 அக்டோபர், வெள்ளி. குடிக்கத் தே வாங்கி வரும்படி அவன் மனைவி நீலாவதியைக் கீழே அனுப்பிவிட்டு, நீயும் உன் பள்ளித் தோழி கரேனும் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்தீர்கள். அவன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். இனி நெற்றியில் திருநீறு வைப்பதில்லை என்று கையைப் பிடித்து வாக்கு வாங்கினாய்.

3. 2 நவம்பர், ஞாயிறு. ஈரத் தலையோடு அவன் படுத்திருக்கும் படத்தை உங்கள் ஜெபக் குழுவுக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறினாய். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

4. 14 நவம்பர், வெள்ளி. கரேன் திருமாறனைத் தொலைபேசியில் அழைத்து, "அங்கிள் இப்ப நம்ம ஆளு, அடக்கத்த நம்ம முறையிலதான் செய்யணும்" என்றிருக்கிறாள். அவன் தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறான், ஜெனட்.

எனக்கு இது தெரிய வந்ததே 12ஆம் தேதி, புதன்கிழமை. காளியண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, தோட்ட அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரிங்காப்பில் அவன் வீட்டுக்குப் போனேன். லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, அவன் பூத்தோட்டத்துக்கும் நான் அலுவலகக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கும் போன பிறகும் ஒரு வாரம் பார்க்காமல் இருந்ததில்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவன் தோளில் ஏறித்தான் நீ தேர்த் திருவிழா பார்த்தாய். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் அவன் சிரித்தான். "என்னா மச்சான், ஆள் சேக்க பொண்ண அனுப்பி வச்சிட்டியே. நேரா வந்து கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன், லா" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து நீலாவதி சாமியறையிலிருந்து திருநீற்றுத் தட்டோடு வந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "வேணாம்மா, வாக்கு குடுத்துட்டேன்" என்றான். பன்னிரண்டு நாளாக இப்படித்தான் நடக்கிறதாம். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, இத்தன வருசமா எங்க வீட்டுக்கு வந்து போனது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

நடந்ததை அவனே எனக்குச் சொன்னான். பயமாக இருந்ததாம். மருத்துவமனையில் மிஸ்ஸி வேலை பார்க்கிற பிள்ளை, பொய் சொல்லாது என்று நீ சொன்னதை முழுதாக நம்பியிருக்கிறான். சாகப் போகிறாய் என்று முதலில் சொன்னாய். இரண்டு நாள் அதை அவன் தனியாகச் சுமக்கும்படி விட்டாய், மனைவியிடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. பிறகு வந்து, "மாமா, இப்ப விட்டா நேரமில்ல, கண்ண மூடினா எங்க போவீங்கன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறாய். பயத்தைக் கொடுத்ததும் நீ, அதற்கு மருந்தென்று ஒன்றை நீட்டியதும் நீ. எழுந்து வெளியே போக முடியாத ஒருவனிடம், கையில் ஊசிக் குழாயோடு இருப்பவனிடம், வலி மருந்தில் பாதி நாள் தூங்குபவனிடம் கேட்கப்படும் கேள்விக்கு வரும் பதிலைச் சம்மதம் என்று எந்தப் படிப்பு உனக்குச் சொல்லிக் கொடுத்தது? நீ வேலை செய்யும் இடத்தில் இதே காரியத்தை ஒரு வெள்ளைக்கார நோயாளியிடம் செய்திருப்பாயா? செய்திருந்தால் மறுநாள் அந்தச் சீருடை உன் உடம்பில் இருந்திருக்குமா? அங்கே துணியாததை இங்கே துணிந்ததற்குக் காரணம், இவர்கள் நம்மை நம்புகிறவர்கள், புகார் எழுதத் தெரியாதவர்கள் என்பதுதான். இவர்கள் என்று நான் எழுதியவர்களில் என் தாயும் தகப்பனும் உண்டு.

நீ என்ன பதில் வைத்திருப்பாய் என்று தெரியும். உன் அம்மா அதை உனக்கு முன்பே சொல்லிவிட்டாள். "புள்ள அவரு மேல உள்ள பாசத்துலதான செஞ்சா, ஒரு ஆத்துமா கெட்டுப் போயிடக் கூடாதுன்னுதான நெனச்சா" என்றாள். பாசம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. உண்மையிலேயே அவன் மனம் மாறியிருந்தால் அவன் முகத்தில் அமைதி தெரிய வேண்டும். நான் பார்த்தது அமைதியை அல்ல. "மச்சான், வாக்கக் காப்பாத்தினா என் மகன் எனக்குக் கொள்ளி வைக்க முடியாது. மீறினா உன் பொண்ணு சொன்ன எடத்துக்குப் போவேன். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலையே" என்று கேட்டான். சாகும் மனிதனுக்கு நீ கொடுத்துவிட்டு வந்தது இதுதான். நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான், இருபது ஆண்டுகளாகக் கோவிலில் வாசகம் படிக்கிறவன்தான். இன்று காலைப் பூசையில் என் முறை வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை ஆண்டுகளில் அவன் ஒரு நாள், நல்ல உடம்போடு, தன் காலில் நடந்து வந்து உங்கள் சாமியைப் பற்றிச் சொல் என்று கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. நானும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. அந்த மரியாதையின் மேல்தான் எங்கள் நட்பு நின்றது.

இது செல்லாது, மறந்துவிடு என்று நான் அவனிடம் சொல்லாமல் இல்லை. மூன்று முறை சொன்னேன். அவன் ஏற்கவில்லை. காரணம் உனக்குப் புரிய வேண்டும். திரிங்காப்பில் பூ விற்பவர்களுக்குத் தாளும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. செடியில் மொட்டு நிற்கும்போதே, பூ வாங்கி ஏற்றிப் போகும் லோரிக்காரரிடம் வாயால் ஒரு விலை சொல்வார்கள், அதோடு சரி. அறுக்கிற அன்று வேறொருவர் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றாலும் கொடுக்க மாட்டார்கள். வாக்கு வாங்கியவரே வாய் திறந்து, எனக்கு வேண்டாம், நீ வேறு யாருக்காவது கொடு என்று விட்டால்தான் உண்டு. வேறு யாரும் அவர் சார்பில் விட முடியாது. காளியண்ணன் தன் வாழ்நாள் முழுதும் அப்படி நடந்தவன். அதே கணக்கில் உன்னையும் வைத்துவிட்டான். "நீ சொன்னா எப்படி மச்சான்? கைய புடிச்சது உன் பொண்ணுதான. அது விடட்டும்" என்கிறான். தெய்வ காரியத்தை லோரிக்காரரிடம் சொன்ன விலைபோல நினைக்கிறானே என்று நீ சிரிக்கலாம். திரைக்குப் பின்னால் அவனிடம் வாக்குக் கேட்டதே நீதான்.

கரேன் அழைத்த வெள்ளிக்கிழமை மாலை நான் மறுபடி போனபோது, திருமாறன் வாசலிலேயே என்னை நிறுத்தினான். "மாமா, உங்க மேல கோவம் இல்ல. ஆனா உங்க ஆளுங்க யாரும் இனிமே இங்க வர வேணாம். வந்தா மரியாதை கெட்டுரும்" என்றான். உங்கள் ஆட்கள் என்ற சொல்லை அந்த வீட்டு வாசலில் நான் கேட்பது இதுவே முதல் முறை. அதற்குள் உள்ளேயிருந்து காளியண்ணன், "மச்சான விடுறா, அவன் என்னா பாவம் பண்ணான்" என்று கூப்பிட்டதால்தான் உள்ளே போனேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உன் கைப்பட ஒரு கடிதம் எழுது, தமிழில், அவன் பெயருக்கு. வாக்கு வாங்கியது தவறு என்றும், அதை நீ விட்டுவிட்டாய் என்றும், அவன் எந்த வழியில் போனாலும் அவனுக்கு ஒரு கேடும் வராது என்றும் எழுது. நீலாவதியிடம் தனியாக இரண்டு வரி மன்னிப்புக் கேள். கரேனுக்கு நீயே சொல்லி ஜெபக் குழுவிலிருந்து அந்தப் படத்தை நீக்கச் செய், அந்தக் குடும்பத்தை இனி அவள் அழைக்கக் கூடாது. விளக்கம் எழுதாதே, வசனம் எழுதாதே. தொலைபேசியில் என்னை அழைக்கவும் வேண்டாம். நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இந்தப் பக்கங்களைப் படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன், உன் பதிலையும் அப்படியே அனுப்பு. கையெழுத்து உன்னுடையது என்று அவன் கண் பார்த்தால் போதும், மீதியை நான் வாசித்துக் காட்டுவேன்.

உன் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள். எட்டு மணி நேர வேலைக்கு மேல் நீயும் ஒத்துக்கொள்ளாதே. தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கிற ஆசியை நிறுத்தி வைக்கும் உரிமை எனக்கு இல்லை, அதனால் கடவுள் உன்னைக் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியும் தரட்டும்.

நேற்று முதல் காளியண்ணன் கஞ்சியும் இறக்குவதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, அடுத்த வார இறுதிக்குப் பிறகு அவனுக்கு நினைவு இருக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார். 21 நவம்பர், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்குள் உன் பதில் எழுத்தில் என் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ எவ்வளவு அழகாக எழுதினாலும் கேட்பதற்கு அவன் இருக்க மாட்டான்.

இப்படிக்கு,
உன் தந்தை
கிரகரி