உன் வாப்பாவின் முழங்கால்

நற்பிட்டிமுனை

அன்பு மகன் ஹாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நாங்கள் சுகம் என்று எழுத இன்று எனக்கு மனம் வரவில்லை. போனில் கதைத்தால் வாப்பா பக்கத்தில் இருப்பார், அதனால்தான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் உன் கூட்டாளி றிம்சானிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உன் தங்கச்சி ஸம்றா போன மாதம் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடும்போது குதித்து இறங்கியவள் அப்படியே விழுந்தாள், யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. முழங்கால் எலும்புகளைப் பிடித்திருக்கும் லிகமெண்ட் நார் அறுந்துவிட்டதாம், ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி நடந்ததா என்று டொக்டர் கேட்டதும் உன் வாப்பா முந்திக்கொண்டு "ஒருத்தருக்கும் இல்ல டொக்டர்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ட மகனுக்கும் இப்பிடித்தான், ஃபுட்போல் விளையாடக்குள்ள" என்று சொல்லிவிட்டேன். டொக்டர் வாப்பாவின் நடையைக் கவனித்திருப்பார் போல. அவரையும் கட்டிலில் படுக்க வைத்து, காலை மடித்து இழுத்துப் பார்த்து, "இது எப்ப அறுந்த?" என்று கேட்டார். "இருவது வயசில, விளையாட்டிலதான்" என்றார் வாப்பா. வயல் வரம்பில் சறுக்கிய கால் என்றுதானே இருபத்தேழு வருஷமாக என்னிடம் சொன்னார்.

இது சிலருக்கு இரத்தத்தோடு வரக்கூடியது, பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவருக்கும் ஆபத்து கூடுதல், முன்பே தெரிந்திருந்தால் காலைப் பலப்படுத்தும் பயிற்சி கொடுத்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். கட்டாயம் தப்பியிருப்பாள் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் மகன், மைதானத்தில் நீ முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தியபோது "நடிக்கான்" என்று சொன்னவர் இந்த மனுசன்தானே. அதே வலியை அனுபவித்த மனுசன். உன்னுடைய அந்தக் காலோடுதானே உன்னைக் கட்டாருக்கு மூட்டை தூக்க அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நொண்டிக்குப் பொண்ணு தர மாட்டாங்க எண்டு மறைச்சன், பிறகு சொல்ல வெக்கமாப் போயிட்டு" என்றார். மாப்புக் கேட்டதாக உனக்கு எழுதச் சொன்னார். "உங்கட வாயால கேளுங்க" என்று போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவரை மன்னிக்கும்படி நான் உன்னிடம் கேட்கமாட்டேன்.

அங்கே ஒரு டொக்டரிடம் உன் காலைக் கட்டாயம் காட்டு. பாரம் தூக்காத வேலை கேட்டுப் பார். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் இதை மறைக்காதே. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். அன்றைக்கு நீ கத்தும்போது வாப்பாவுக்குப் பயந்து வாய் திறக்காமல் நின்றவள் நானும்தான். அதற்கு மாப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை மகன், எழுதத்தான் முடிகிறது.

உன் உம்மா,
ஜரீனா