பாதி கிடந்த மருந்துப் போத்தல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் மாமியும் நல்ல சுகம். நீங்கள் சுகமா? இம்முறை உண்மையாகவே கேட்கிறேன்.

அமெரிக்காவில் உங்கள் மாநிலம் அனுமதி கொடுத்து, நீங்கள் தபாலில் மருந்து எடுக்கும் எங்கள் ரொறன்ரோ மருந்துக்கடை போலியோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நீங்கள் அனுப்பிய பிரஷர் குளிசைப் போத்தலின் படத்துடன் அங்கேயே போனேன். சுவரில் தொங்கிய லைசென்ஸ் இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மருந்து கொடுக்கும் ரிஸ்மியா அன்ரி சிரித்தார். "மருந்து எங்கடதுதான் பிள்ளை. ஆனா மூண்டு மாசத்துக்கு அனுப்பினது, மூண்டு மாசம் முடிஞ்சும் ஏன் பாதி கிடக்கு? அப்பா குளிசையைப் பாதியா உடைச்சோ போடுறார்?"

அங்கே அமெரிக்காவில் மருந்து யானைவிலை விற்ற காலத்துப் பழக்கமா அப்பா? இப்போது இங்கிருந்து வருவது மலிவுதானே. டொக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு முழுதாகப் போடுங்கள்.

குளிசை முடிந்ததும் வெறும் போத்தலின் படம் அனுப்புங்கள். வேறு போத்தலில் கொட்டிவிட்டு எடுக்கக்கூடாது. படத்தில் உங்கள் முகமும் தெரியட்டும்.

ஸ்கூல் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
யதுர்ஷா