கரைக்கு வாங்கிய பைனாகுலர்

பிடோக்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள அசோக்,

நான் சுகம். உங்கள் தொட்டிச் செடிகளும் சுகம், துளசியைத் தவிர. கடல் உங்களிடம் நல்லபடியாக நடந்துகொள்கிறது என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. அறுந்து போகாத நாளில் சண்டையாகிறது. அதனால்தான் எழுதி, உங்கள் கப்பலில் இந்த வாரம் வேலைக்கு ஏறும் வேலாயுதம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

துவாஸ் கப்பல் பட்டறையில் கிடைத்திருக்கும் வேலைக்கு மாதக் கடைசிக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். “இன்னும் ஒரே ஒரு கான்ட்ராக்ட் போயிட்டு வர்றேன் நிவி” என்றீர்கள். போன முறையும் இதே பாட்டுத்தான். இதற்கு நடுவில் பைனாகுலர் வேறு. கப்பல் ஆடினாலும் காட்சி ஆடாத வகை வேண்டும், கடல் தாண்டும் பறவைகள் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் வந்து இளைப்பாறுகின்றன, தூரத்திலிருந்து கழுத்து நிறம்கூடத் தெரியவில்லை என்றீர்கள். உங்களைக் கடலிலேயே கட்டிப்போடும் சாமானை நானே தேடி வாங்குவது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இருந்தாலும் போனேன்.

சிட்டி ஹால் பக்கம் ஒரு கேமராக் கடை. சுஷ்மிதா என்ற பெண் எடுத்துக் காட்டினாள். பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடிகள் நம் கை நடுக்கத்துக்கு எதிராக அசைந்து காட்சியை நிறுத்துமாம். கடை வாசலில் நின்று எதிர் மரத்தைப் பார்த்து அழுத்தினேன். நடுங்கிக்கொண்டிருந்த மரம் அப்படியே நின்றது. இலைக்கு நடுவில் ஒரு மாங்குயில், கண்ணோரம் மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு. கனவில் ஓடிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்று சுற்றிப் பார்த்தது போல இருந்தது.

“அக்கா, கப்பலுக்கா, கரைக்கா? ரெண்டும் வேற மாடல் லா” என்று கேட்டாள். கப்பலுக்கென்றால் பதினான்கு மடங்கு பெரிதாக்கும். நல்ல கனம், உப்புத் தண்ணீர் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது. கரைக்குப் பத்து மடங்கு போதும். நாளெல்லாம் கழுத்தில் கிடந்தாலும் தெரியாது, ஆனால் கடல் காற்றுக்கு ஆகாது. சாதாரணக் கேள்விதான். கப்பலுக்கு என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் திறந்தபோது “கரைக்கு” என்று வந்துவிட்டது.

சொன்னபின் தயக்கம் போய்விட்டது. நீங்கள் மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பீர்களே, அதற்கு ஏற்றபடி கண்பக்க ரப்பர் மடிகிறதா என்று பார்த்தேன். கழுத்து வலிக்காமலிருக்க மார்போடு மாட்டும் வார் வாங்கினேன். அளவு கேட்டாள். “எக்ஸ்எல், கப்பல் சாப்பாடு” என்றேன். சார்ஜ் செய்யும் பேட்டரி, மழை உறை எல்லாம் ஆயிற்று. நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்குமாம். அதற்கென்று ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று, இப்போது அரிசி டப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அன்று மாலை தேக்கா மார்க்கெட் பக்கம் மைனாக்கள் அடையும் நேரம். ஒரே கூச்சல். அங்கேயே பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். கிளைக்காகச் சண்டை போட்டுவிட்டு, சண்டை போட்டவனோடேயே ஒட்டி உட்காருகின்றன. நம்மைப் போலத்தான். பூக்கடை அம்மா “யாரைம்மா வேவு பாக்குறீங்க?” என்றார். வீட்டுக்கு வராத ஒருத்தரை என்று சொல்ல நினைத்து, மல்லிகை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று கேலாங் சிவன் கோயிலுக்குப் போனேன். புது வண்டிக்குப் பூசை போடுகிறோமே என்று இதையும் அர்ச்சனைத் தட்டில் தேங்காய்ப் பக்கத்தில் வைத்தேன். உங்கள் பெயர், அவிட்ட நட்சத்திரம். குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் தொட்டு, முன்பக்கக் கண்ணாடி ஒன்றின் நட்டநடுவில் வைத்துவிட்டார்! கார் முகப்பில் வைத்துப் பழகிய கை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

துடைக்கும் துணி கைப்பையிலேயே இருந்தது. எடுத்தேன், கை போகவில்லை. கடலில் இருக்கிறவர் பெயரைச் சொல்லி வைத்த குங்குமத்தை நான் அழிப்பதா? படித்தவள் பேசுகிற பேச்சா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்குப் பயமாக இருந்தது, அசோக். நீங்கள் ஒவ்வொரு முறை கப்பல் ஏறும்போதும் வருகிற அதே பயம்.

இன்று விடிந்ததும் சமையலறை ஜன்னலில் நின்று அப்படியே பார்த்தேன். ஒரு கண்ணில் மழைமரம் தெளிவாக இருக்கிறது, மறு கண்ணில் எல்லாம் சிவந்த மூட்டம். ஆண் இருவாச்சி ஒன்று மரப் பொந்துக்குள் அடைகாக்கும் பெண்ணுக்குப் பழம் ஊட்டிவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது, மறுபடியும் வந்தது. அதற்குக் கான்ட்ராக்ட் கிடையாது போலும். அந்த மூட்டத்துக்குள் நிற்கும்போது, நீங்கள் பின்னால் வந்து “எங்கே, காட்டு” என்று கை நீட்டியது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

வேலாயுதத்தின் பையில் பைனாகுலரைத் தேடாதீர்கள். முறுக்கும் ஊறுகாயும்தான் இருக்கும். கப்பல்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் சொல்லுங்கள், அந்தப் பெரியதை வாங்கி முகம் சுளிக்காமல் அனுப்புகிறேன். எங்கே இருந்தாலும் சிவன் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

ஆனால் இந்தக் கண்ணாடியை நான் துடைக்க மாட்டேன். நீங்களே வந்து, அந்தக் குங்குமத்தை விரலில் தொட்டு எடுத்து, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வையுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
நிவேதிதா