சொர்ணம், பக்கம் 112

1988, ஆடி 3, திங்கள்

காலையிலிருந்து சாரல். வடகம் காயவில்லை. முழங்கால் வலி.

மெட்ராஸில் படிக்கும் பேத்தி வள்ளி வந்திருக்கிறாள். குற்றாலத்துத் தண்ணீரைப் பற்றிப் பட்டத்துக்கு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாள். கம்ப்யூட்டரில் அடித்தது. இங்கிலீஷ். எதிர்வீட்டு மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒங்களுக்கென்ன மதினி, குடுத்துவச்சவுக" என்றாள். அவளுக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

ஆடி 4

புத்தகத்தின் கடைசிப் பத்துப் பக்கம் வள்ளியின் அம்மா, என் மகள் சொர்ணம், எழுதிவைத்தது. குற்றாலத்தில் டீச்சர் வேலை. அருவியில் என்றைக்குத் தண்ணீர் விழுந்தது, என்றைக்கு நின்றது, எல்லாம் நோட்டில் குறிப்பாள். காமாலையில் போய் ஒன்பது வருசம்.

அந்தப் பக்கங்களுக்குத் தலைப்பே அவள் பேர்தானாம். முன்னால் பொருளடக்கத்தில் காட்டச் சொன்னேன். இல்லை.

"ஏட்டி, எல்லாத் தலைப்பும் இருக்கு, ஒங்கம்மாள மட்டும் காணும்?"

"கம்ப்யூட்டர்ல தலைப்பு அடிக்கும்போது ஒரு நட்சத்திரக் குறி போட்டா முன்னால வராது ஆச்சி. எங்க புரொபசர் சார்தான் போடச் சொன்னாரு. சொந்தக்காரங்க பேரு அங்கன வேண்டாமாம். உள்ள இருக்குல்லா, போதாதா?"

தட்டை ஒதுக்கிவிட்டேன்.

மகன் ராசு கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. கீழே மகள், மருமகன் என்று போடும் வரிசை. சொர்ணம் வேதக்காரப் பையனை, சர்ச்சுக்குப் போகிறவனைக் கட்டியவள். அவள் பேரை அச்சாபீசில் எடுத்துவிடச் சொன்னது நான். அவளிடம் சொன்னதும் இதே பேச்சுதான்: "வீட்டுக்குள்ள வந்துட்டுப் போ. பத்திரிகையில வேண்டாம்."

கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை.

ஆடி 5

வள்ளி கிளம்பினாள். நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு, சுக்குப்பொடி. குடையை மறந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் சொன்னேன், "அந்த நட்சத்திரத்த எடுத்துரு. சார் கேட்டா ஆச்சி சொன்னான்னு சொல்லு."

"ஒங்க ஆச்சி என்ன படிச்சிருக்கான்னு கேப்பாரு."

"அஞ்சாப்புன்னு சொல்லு."

சிரித்தாள். "இப்ப என்ன ஆச்சி திடீர்னு?"

முறுக்குப் பையை ஜன்னல் வழியே கொடுத்தேன். பஸ் எடுத்துவிட்டான்.

ஆடி 20

வெயில். வடகம் காய்ந்தது.

தபாலில் வள்ளி கடுதாசி. கூடவே பொருளடக்கத் தாள் ஒன்று. சாரிடம் சண்டை போட்டாளாம். நட்சத்திரத்தை எடுத்தும் முதல் தடவை பேர் வரவில்லையாம். கம்ப்யூட்டரை இரண்டாந்தடவை ஓட்டிய பிறகுதான் வந்ததாம்.

ஒரு வரிக்கு அடியில் சிவப்புப் பென்சில் கோடு. அதுதான் சொர்ணம். எதிரே 112. இங்கிலீஷ் தெரியாது. விரலை வைத்துக்கொண்டே இருந்தேன்.

மதினியிடம் காட்டவில்லை.

பெட்டியில் ராசு கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடந்தது. பேனாவை எடுத்தேன். நெருக்கி அடித்திருக்கிறான். ஒரு பேர் எழுத இடமில்லை.