மதிப்பெண்ணுக்காகக் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்-ஹே வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அப்பாவின் முதுகுவலி குறைந்ததா? கொஞ்ச நாளைக்குப் படகில் வலை இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் ஆய்வு வகுப்பில் வாரம் ஒருவர் தன் ஆராய்ச்சியை விளக்குவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். வாயைத் திறக்காதவருக்கு மதிப்பெண் கிடையாது. போன வாரம் தோ-குன் அண்ணன் முறை. படங்களைப் பார்த்து அடையாளம் காணக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் ஆராய்ச்சி. எனக்கு இங்கே எல்லாம் கற்றுக்கொடுத்த சீனியர், பிப்ரவரியில் பட்டம் வாங்கவிருந்தவர். எனக்குக் கேள்வியே தோன்றாமல், ஒப்புக்கு ஒன்று கேட்டேன்: "அண்ணா, கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களையே பரீட்சையிலயும் வச்சிடலையே?"

சமையல்காரரிடம் உப்புப் போட்டீர்களா என்பது போன்ற கேள்விதான். அவர் சிரித்துக்கொண்டே தேடிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பாதிப் படங்கள் இரண்டிலும் இருந்தன. விடையை முன்பே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்தது போல, அவர் முடிவு எதுவும் செல்லாது. மூன்று வருட உழைப்பு, அம்மா. பேராசிரியர் எனக்கு முழு மதிப்பெண் போட்டார்.

அன்று மாலை வழக்கம்போல அண்ணனே எல்லோருக்கும் இறைச்சி சுட்டுக் கொடுத்தார். முதல் துண்டை என் தட்டில் வைத்து, "என்னம்மா, இது வெந்துச்சான்னு கேக்கலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் துண்டைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். பிறகு அவர் வாசலில் நின்று தன் அம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது: "ஒண்ணுமில்லம்மா, பட்டமளிப்பு கொஞ்சம் தள்ளிப் போகுது. நீ எடுத்த ரயில் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிடு."

நெத்திலி வறுவல் இரண்டு டப்பாவாக அனுப்புங்கள். ஒன்றை அவர் மேசையில் வைக்க வேண்டும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

உங்கள்
இன்-ஹே