சாய்ந்து தெரிந்த கம்பம்

2006 டிசம்பர் 17, ஞாயிறு

படக் கூட்டாளி ஸலீம் நானா கொழும்பிலிருந்து புதுக் கமராவோடு வந்து இறங்கினார். டிஜிட்டல்தான், ஆனால் தியேட்டரில் பார்க்கிற மாதிரியே படம் விழுமாம். பதுளையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற எனக்கு இதைத் தொடவே கை கூசுகிறது. இது சரிவந்தால் எங்கள் படத்தை யார் காலிலும் விழாமல் நாங்களே எடுத்துவிடலாம்.

"நல்லாச் சோதிச்சுப் பாருங்க கிருபா. குறை இருந்தா ஜனவரி முடியிறதுக்குள்ள கடையில திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 20

நமுனுகுல தேயிலைத் தோட்டம். அக்கா மரியகொரட்டி குடியிருக்கும் மேல் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. எதிர்ப்பக்கம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சிமெந்துத் தரை இருக்கிறது. கமரா முக்காலியின் கால்களைச் சுற்றிப் பெயின்டால் குறி போட்டேன். இனி ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே காட்சி: லயம், பக்கத்தில் லைட் கம்பம், பின்னால் தேயிலை மலை, தூரத்து முகட்டில் மாதா கோயில். வெயிலிலும் மழையிலும் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க இதுதான் வழி.

அக்கா தேத்தண்ணீரோடு வந்தாள். "எங்க லயத்தையா புடிக்கிற? பெயின்ட் அடிச்சப்புறம் வந்திருக்கலாமே தம்பி."

டிசம்பர் 26

மழை. பண்டிகையும் மழையோடு போயிற்று.

டிசம்பர் 31

நேற்று மழை விட்ட நேரத்தில் போய் எடுத்துவந்தேன். என் கடை டிவியில் போட்டுப் பார்த்தால் — கம்பம் சாய்ந்து தெரிகிறது! முதல் நாள் படத்தை நிறுத்திவைத்து, டிவி கண்ணாடியிலேயே கம்பத்தின் மேல் மார்க்கரால் கோடு இழுத்தேன். நேற்றைய கம்பம் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. புது லென்ஸில் கோணல்!

ஸலீம் நானாவுக்கு போன் போட்டேன். "மாப்பிள்ளைக்கு மூக்குக் கோணல்னாலும் நீங்க லென்ஸைத்தான் சொல்லுவீங்க" என்று சிரிக்கிறார். எரிச்சலாக இருந்தது.

2007 ஜனவரி 6

சாய்வு கூடியிருக்கிறது. லயத்துச் சனம் சுற்றி நின்றது. இது கண்ணாடிக் கோணல், பழுதான கமரா, திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று பெரிய மேதாவி போல எல்லோருக்கும் விளக்கினேன். பிறகு முக்காலியின் ஒரு காலைக் கொஞ்சம் உயர்த்திக் கம்பத்தை நேராக்கி எடுத்தேன்.

"கதவு சாத்த மாட்டேங்குது, மழையில ஊறிப்போச்சு" என்றாள் அக்கா. மச்சான் அந்தோனிப்பிள்ளையிடம் செதுக்கிவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 8

டிவியில் பார்த்தேன். கம்பம் நேர். ஆனால் முகட்டில் மாதா கோயில் சாய்ந்திருக்கிறது.

கோயில் எப்படிச் சாயும்?

பழைய படங்களை மறுபடி ஓட்டினேன். நான் முக்காலியில் கை வைக்கும்வரை கோயில் அசையவே இல்லை. அசைந்தது கம்பம் மட்டும்தான். கம்பமும், லயத்துக் கூரையும்.

லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. மலைதான் இறங்குது. ஐயோ, அதை நான் நேராக்கி வச்சுட்டு வந்திருக்கேனே!

ஜனவரி 9

விடிந்ததும் ஓடினேன். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கமராவின் சின்னத் திரையில் காட்டினேன். "அந்தக் கமரா பழுதுன்னு நீயே சொன்னியாமே?" என்றார். நான் லயத்தில் அளந்தது அதற்குள் துரை காதுக்கும் எட்டியிருந்தது. லயத்திலும் அதே பேச்சு. கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். ஒருவழியாக எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்கினேன்.

ஜனவரி 11

மழை விட்டுவிட்டது. சனம் என்னைத் திட்டிக்கொண்டே லயத்துக்கு ஏறிவிட்டதாம். அக்காவுக்கு போன் போட்டேன்.

"நீதானே தம்பி கண்ணாடி கோணல்னு சொன்ன? சின்னப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குப் பள்ளிக்கூட வாங்குல படுக்கிறது? காலையில பெரட்டுல பேர் குடுக்க வேற நிக்கணும். ஞாயித்துக்கிழம பூசைக்கு வா, பேசிக்கலாம்."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 13

மலை சரிந்து லயத்தின் மேல் விழுந்துவிட்டது. அக்கா. பிள்ளைகள்.

ஜனவரி 27

தேயிலை ஃபெக்டரியில் வேலையில் இருந்ததால் மச்சான் தப்பினார். இப்போது என்னோடு கடையில்தான் இருக்கிறார். கொடுத்தால் சாப்பிடுகிறார்.

இன்று ஸலீம் நானா வந்தார். மச்சானைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த நேரத்துல கேக்கிறது தப்புத்தான். கடைக்காரன் திருப்பிக் குடுக்கிற தவணை முடியுதுங்கிறான். லென்ஸ் கோணல்னு சொல்லித் திருப்பிக் குடுத்துடவா?"

மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பழியை லென்ஸ் மேல் போட்டுப் பொய் சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது.

"கமராவுல குறை ஒண்ணும் இல்ல, நானா" என்றேன்.

மச்சான் எழுந்து வெளியே போனார். இன்னும் வரவில்லை.