மீன்கடை ஐஸும் தவளைக் கருக்களும்

கல்கத்தாவின் கரியாஹாட் மீன் சந்தையைக் கடக்கும்போது எப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இன்று பொத்தவில்லை. உருகும் ஐஸின் வாடை உன் துப்பட்டாவின் வாடையாகவே எனக்குப் பட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பாலிகஞ்ச் ஆய்வகத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. தவளைக் கருவுக்குள் நீ ஒரு மரபணுவைச் சேர்த்திருந்தாய். சூடு பட்டால் அது வேலையைத் தொடங்கி, கண்ணின் லென்ஸ் செல்களை மட்டும் சாகடிக்கும். அதன்பின் சுற்றியிருக்கும் செல்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் உன் ஆராய்ச்சி. பாதிக் கருக்களுக்குச் சூடு காட்டவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மீதியைக் குளிர்ச்சியாகவே வைக்கவேண்டும். பல மாதம் போராடி, மரபணு சரியாக அமைந்தது ஒரே ஒரு தட்டில்தான்.

அந்த மே மாத மதியம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. கல்கத்தா வெயில் அத்தனை கருக்களுக்கும் தானே சூடு காட்டிவிடும் போலிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மீன் சந்தைக்கு ஓடினாய். தமிழர்கள் வாழும் லேக் மார்க்கெட்டில், முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவள்! பக்கெட்டில் கொள்ளாத ஐஸைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு வந்தாய்.

"எங்கம்மா பார்த்தா என்னை வாசல்லயே நிறுத்தி தண்ணி ஊத்துவா" என்று சிரித்தாய்.

தட்டைச் சுற்றி ஐஸை அடுக்க நான் அவசரப்பட்டபோது, "மெதுவாடீ, ரொம்ப ஜில்லுன்னு ஆனாலும் செத்துடும்" என்று அதட்டினாய். கரண்ட் வரும்வரை தெர்மாமீட்டரை விட்டு நகரவே இல்லை.

கருக்கள் பிழைத்தன. பிறகு நீயே சூடு காட்டிய பாதியில் லென்ஸ் அழிந்தது. பக்கத்துச் செல்கள் புதிதாக ஒன்றை வளர்த்தன. "வந்துடுத்துடீ!" என்று என் முதுகில் நீ வைத்த அறை இன்னும் வலிக்கிறது.

உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய்; சாகவேண்டிய நேரத்தில் சாக மறுத்த செல்கள். அதைப் பற்றி அவ்வளவு படித்திருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்று குளிரில் பிழைத்த கருக்கள் தவளைகளாயின. அவற்றின் பேத்திகள் இப்போது தொட்டியில் இருக்கின்றன. அந்த வம்சத்துக்கு உன் பெயரையே வைத்தேன். ஆனால் யாராவது அதைச் சொன்னால் அறையைவிட்டு வெளியே போய்விடுவேன்.

நேற்று, உன்னைப் பார்த்தே இராத வங்காளி மாணவி ஒருத்தி தொட்டியருகே உன் பெயரைச் சொல்லிக் கூவினாள்: "முட்டை போட்டுட்டா, அக்கா! சீக்கிரம் வாங்க!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ போனபின் உன் பெயரைக் கேட்டு நான் உள்ளே ஓடிவந்தது அதுதான் முதல் முறை.